ஓட்டு எண்ணி முடித்த மெஷின்கள் எங்கே போகின்றன?

கடைசி பெஞ்ச் ஏஜென்ட்:
2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் வேட்பாளர் சார்பில் ஓட்டு எண்ணிக்கையைப் பார்க்கும் முகவராக உட்கார்ந்தேன். நாங்கள் தோற்பது தெரிந்ததும் மதியமே எங்கள் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். நான் கடைசிவரை இருந்தேன். இரவு ஒரு ஊழியர் மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கிக்கொண்டே, "விருப்பம் இருந்தால் நீங்களும் சீல் வைக்கலாம் சார்" என்றார். என்னிடம் ஏது சீல்? கையெழுத்து மட்டும் போட்டேன். அதற்கு அப்புறம் அந்த மெஷின், ஓட்டுச் சீட்டெல்லாம் யார் பொறுப்பில், எத்தனை நாள் இருக்கும்?

ரிட்டயர்டு துணை தாசில்தார்:
நல்ல வேலை செய்தீர்கள். ஜெயித்தவர் மாலையோடு போன பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலையே ஆரம்பிக்கும். அரக்கு சொட்டி என் கட்டைவிரலில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

எண்ணிய கன்ட்ரோல் யூனிட்டை, அதாவது ஓட்டுகள் பதிவாகியிருக்கும் மெஷினை, பெட்டியில் வைத்து மறுபடி சீல் வைப்போம். யாருக்கு ஓட்டு என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டுகளை வெளியே எடுத்துத் தடித்த கறுப்புக் கவரில் போட்டு, வாக்குச்சாவடி எண் எழுதி, தேர்தல் ஆணையத்தின் ரகசிய முத்திரை வைப்போம். அது ஏடிஎம் ரசீது மாதிரித் தாள். வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். பிறகு எல்லாம் மாவட்டத் தேர்தல் அலுவலர் பொறுப்பு.

தேர்தல் வழக்குப் போட 45 நாள் அவகாசம். வழக்கு இல்லையென்றால் மெஷின் அடுத்த தேர்தலுக்குப் போகும். வழக்கு வந்தால் கோர்ட் சொல்லும்வரை அசைக்கக் கூடாது. பதிவான தபால் ஓட்டு, ஓட்டுப் போட வந்தவர்களைக் குறித்து வைக்கும் 17ஏ பதிவேடு போன்ற காகிதங்கள் ஓராண்டு இருக்கும்.

நெல்லைக்காரன்:
எங்கள் நெல்லை ராதாபுரம் தொகுதியின் 2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? அ.தி.மு.க. இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார், தோற்ற தி.மு.க. அப்பாவு வழக்குப் போட்டார். 203 தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்று மெஷின்களையும் 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறுபடி எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது வேறு கதை.

ரிட்டயர்டு துணை தாசில்தார்:
அதேதான் தம்பி! அந்த 203-உம் செல்லாது என்று ஒதுக்கிய ஓட்டு. செல்லாததுதானே என்று யாராவது மூலையில் வீசியிருந்தால் எதை எண்ணுவது? அதனால்தான் செல்லாத கட்டுக்குத் தனியாக சீல் வைப்போம். ராத்திரி பதினொரு மணிக்கு, "இதுக்கும் அரக்கா சார்?" என்று சலித்துக்கொள்ளாத பையனை நான் பார்த்ததில்லை.

அப்புறம், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, விவிபேட்டில் வேட்பாளர்களின் சின்னங்களை ஏற்றும் கருவியும் 45 நாளாவது சீலிட்டுப் பூட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள் 7 நாளுக்குள் எழுதிக் கொடுத்துப் பணம் கட்டினால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 சதவீத மெஷின்களைச் சோதித்துக் காட்டுவார்கள்.

கடைசி பெஞ்ச் ஏஜென்ட்:
நன்றி ஐயா. அடுத்த முறை ஒரு ரப்பர் ஸ்டாம்பாவது கொண்டுபோகிறேன்.

ரிட்டயர்டு துணை தாசில்தார்:
ரப்பர் வேண்டாம், சூட்டில் அரக்கோடு ஒட்டிக்கொள்ளும். பித்தளையில் செய்து வாங்குங்கள்.