படி இறங்கிய மறுநாளுக்கு மறுநாள் தொடை வலி: தசை கிழிந்துவிட்டதா?

மல்லிகா, ஈசூன்:
சனிக்கிழமை எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது. மகனின் பழைய பாடப்புத்தகப் பெட்டிகளைப் 11வது மாடியிலிருந்து ஐந்து நடையாக இறக்கினேன். வெறுங்கையோடு ஏறும்போதுதான் மூச்சு வாங்கியது, தொடையும் காந்தியது. பெட்டியோடு இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு லேசான வலி. இன்று, திங்கட்கிழமை, எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக இறங்கினேன். வயது 48. தசை கிழிந்திருக்குமோ?

செல்வம், தோ பாயோ:
லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள்.

கவிதா, இயன்முறை சிகிச்சையாளர்:
மல்லிகா அக்கா, பயப்படாதீர்கள். செல்வம் அண்ணா, வெந்நீர் இதமாக இருக்கும். ஆனால் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரம்போல ஆனாலே தசையை விட்டு நீங்கிவிடும். திங்கட்கிழமை வலிக்கு அதன்மேல் பழி போடுவதைப் பல ஆண்டுகளாகக் கேட்கிறேன், மனம் பொறுப்பதில்லை.

அக்கா, ஒன்று செய்து பாருங்கள். தொடையின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் மெல்ல, மிக மெல்ல உட்காருங்கள். முழங்கால் மடங்க மடங்க அந்தத் தசை நீள்கிறது. ஆனாலும் கைக்குக் கல்லாகத் தட்டுப்படும். நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்குகிறது. படி இறங்கும்போது அடிக்கு அடி நடப்பது இதுதான், அன்று பெட்டியின் எடையும் சேர்ந்துகொண்டது.

தசையின் ஒவ்வொரு நாருக்குள்ளும் மயோசின் என்ற புரத இழைகள் பக்கத்து ஆக்டின் என்ற புரத இழைகளைப் பற்றிப் பற்றி இழுக்கின்றன, தேர்வடத்தைக் கை மாற்றி இழுப்பதுபோல. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்கிப் போகின்றன. 1954இல் இரண்டு ஆய்வாளர் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டு எழுதின. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயருள்ள ஒருவர் இருந்தார், இருவருக்கும் உறவில்லை! இப்போது தேர் சரிவில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்வடத்தைப் பிடித்து நிறுத்துபவர்களின் பிடி வெடுக்கென்று பிடுங்கப்படும். தசைக்கும் அதே கதி. அதோடு, ஏற்றுவதற்கு வேண்டிய நார்களைவிடக் குறைந்த நார்களே இறக்கும் வேலைக்கு வருகின்றன. ஆற்றல் செலவு குறைவு, மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாரும் சுமக்கும் பாரம் அதிகம். அதில் உண்டாகும் நுண்ணிய சிதைவையும் அதைச் சீராக்கும் அழற்சியையும் ஒட்டித்தான் இந்த வலி. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும்.

சும்மா படுத்துவிடாதீர்கள், சமதரையில் நடங்கள். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மல்லிகா, ஈசூன்:
நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், உண்மையிலேயே கல்! அந்த இரண்டு அறிகுறிகளும் இல்லை. இன்னும் மூன்று பெட்டிகள் இருக்கின்றன, அடுத்த வாரம் இறக்கினால் இதே பாடுதானா?

கவிதா, இயன்முறை சிகிச்சையாளர்:
இவ்வளவு வலிக்காது அக்கா. ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நன்றாகவே தாங்கும். ஆனாலும் மின்தூக்கி ஓடினால் பெட்டிகளை அதில் ஏற்றிவிட்டு, நீங்கள் மட்டும் இரண்டு மாடி நடந்து இறங்குங்கள்.