ரீபோர் பண்ணி வந்த அம்பாசிடர்ல தண்ணி ஒழுகின கதை

இந்தத் திரியில மேல ஒரு அண்ணன் தன் ஃபியட் காருக்கு வாட்டர் பம்ப் மாத்தியும் தண்ணி ஒழுகுதுன்னு போட்டிருந்தாரு, படிச்சதும் போன வருஷம் நான் பட்டது ஞாபகம் வந்துருச்சு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வண்டி எங்கப்பா வச்சிருந்த அம்பாசிடர், மார்க் 4, 84 மாடல், அந்தப் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். புகை ஓவரா தள்ளுதுன்னு எஞ்சின இறக்கி ரீபோர் (தேஞ்ச சிலிண்டர கடைஞ்சு எடுக்கற வேலை), பிஸ்டன், ரிங், க்ராங்க் கிரைண்டிங், வால்வு வேலை எல்லாம் முடிச்சு, பிளாக்க காஸ்டிக் தொட்டில ஊறப்போட்டு கழுவி பெயின்ட் அடிச்சு ஏத்துனாங்க. மூணாவது நாள் காலையில சென்னை தண்டையார்பேட்டை வீட்டு வாசல்ல பச்சையா ஒரு குட்டை. ரேடியேட்டர்ல ரெண்டு டம்ளர் குறையுது. அந்தக் கூலன்ட்ட மொதல்ல கழுவி விட்டுருங்க, தித்திப்பா இருக்கும்னு தெரு நாய் நக்கும், நக்குச்சுன்னா கிட்னி போயிரும்.

சொட்டு விழற இடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துக்கு நேர் கீழ. பாக்கறவன் எல்லாம் ஹெட் கேஸ்கட்தான் (பிளாக்குக்கும் மேல இருக்கற ஹெட்டுக்கும் நடுவுல வர்ற அடைப்புத் தகடு) போயிருச்சு, ஹெட்ட தூக்குன்றான். நானும் பதறிப்போய் ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கற புதுப்பேட்டைக்கு ஓடி ஒரு கேஸ்கட் வாங்கிட்டு வந்துட்டேன். நல்லவேளை கல்மண்டபம் பக்கத்துல இருக்கற மெக்கானிக் பாய்கிட்ட காட்டினேன். கேஸ்கட் போயிருந்தா தெரியற அறிகுறி ஒவ்வொண்ணா பார்த்தாரு. ஆயில் அளக்கற டிப்ஸ்டிக்க உருவிப் பார்த்தாரு, ஆயில்ல பால் கலந்த மாதிரி எதுவும் இல்ல. ரேடியேட்டர் மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணாரு, தண்ணியில குமிழி வரல. சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல, நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் கிட்டத்தட்ட ஒண்ணா இருந்துச்சு. "அவசரப்பட்டு ஹெட்ட கழட்டாத தம்பி, சொட்டற இடம் வேற ஒழுகற இடம் வேற"ன்னாரு. ஹோஸ் கிளிப்பு, தெர்மோஸ்டாட் மூடி, பம்புக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டை எல்லாத்தையும் தடவிப் பார்த்தாரு, காஞ்சிருந்துச்சு.

எனக்கு ஒண்ணு மட்டும் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கொருக்குப்பேட்டை கேட்ல கூட்ஸ் போறதுக்காக இருவது நிமிஷம் எஞ்சின் ஓட நின்னேன், ஒரு சொட்டு இல்ல, டெம்பரேச்சர் முள்ளு கூட ஏறல. வீட்ல நிறுத்தி ராத்திரி எஞ்சின் ஆறினப்புறம்தான் ஒழுகுது. இத சொன்னதும் பாய், அப்ப நாளைக்கு காலையில ஸ்டார்ட் பண்ணாம தள்ளிட்டு வான்னுட்டாரு. சூட்டுல கசியறது இரும்பு மேலயே ஆவியாயிரும், எஞ்சின் ஆறி இருக்கும்போதுதான் தெரியும்னு சொன்னாரு.

அடுத்த நாள் பிளாக்க துணியால சுத்தமா தொடச்சுட்டு, எங்கம்மாவோட முகப்பவுடர் டப்பாவ வாங்கி பக்கவாட்டுல பூரா தூவினாரு. ரேடியேட்டர் வாயில கைபம்ப மாட்டி, என் ரேடியேட்டர் மூடில 7 பவுண்டு பிரஷர்னு இருந்ததால அதுக்கு மேல போகாம காத்து ஏத்திட்டு டீ குடிக்கப் போயிட்டோம். வந்து டார்ச் அடிச்சா, வெள்ளைப் பவுடர்ல குண்டூசி கனத்துக்கு ஈரக்கோடு. பிளாக் பக்கத்துல இருக்கற வார்ப்பு ஓட்டைய அடைக்க வட்டமா ஒரு தகடு அடிச்சு வைப்பாங்களே அந்த வெல்ஷ் பிளக், அதோட விளிம்புல கிளம்பி, வார்ப்பு மேடு வழியாவே பின்னாடி ஓடி கியர்பாக்ஸ்கிட்ட போய் சொட்டியிருக்கு. இதுக்கா நான் ஹெட்ட தூக்க இருந்தேன்!

ரீபோர் பண்ண கடையில பழைய பிளக்க மாத்தவே இல்ல, அதுக்கு மேலயே பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்காங்க. பில்லுல மட்டும் பிளக் செட்னு போட்டு காசு வாங்கிட்டாங்க, கடை பேரு வேணாம். ஓரத்துல உளிய வச்சு தட்டினதும் பிளக் திரும்பிக்கிச்சு, பிளையர்ல இழுத்தா உள்பக்கம் அப்பளம் மாதிரி கையில நொறுங்குது. அத்தனை வருஷமா துருதான் ஓட்டைய அடைச்சு வச்சிருந்திருக்கு, காஸ்டிக்ல ஊறப்போட்டு கழுவினதுல அந்த அடைப்பு பேந்து ஒழுக ஆரம்பிச்சிருச்சு போல. தப்பு எங்க வீட்டு மேலயும் இருக்கு. கடலோரத்துல போர் தண்ணி உப்புன்னு நமக்கு சொல்லவா வேணும், அப்பா அத பக்கெட்ல மொண்டு மொண்டு ரேடியேட்டர்ல ஊத்துவாரு.

பாய் ஒண்ண மட்டும் மாத்தல, கைக்கு எட்டின எல்லாத்தையும் எடுத்துட்டு, உக்கார்ற இடத்த எமரி போட்டு தேய்ச்சு, துருப்பிடிக்காத பித்தளை பிளக்கா வாங்கி சீலன்ட் தடவி அடிச்சாரு. இப்ப கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊத்தறேன். எட்டு மாசமா வாசல் காஞ்சு கிடக்கு.

அந்த ஹெட் கேஸ்கட் இன்னும் கவர் பிரிக்காம ஆணியில தொங்குது. 1489க்கு யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வந்து எடுத்துக்கலாம்.