பாம்பனை வச்சு ஒரு உளவுக் கதை: ஓட்டை எங்கே?

கச்சான்காத்து:
குறும்படத்துக்குக் கதை. மே மாசம், அமாவாசை. விசைப்படகு டிரைவர் ஒருத்தரை, இந்தியாவோட வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வோட அதிகாரி மிரட்டித் துப்பு சொல்ற ஆளாக்குறார். கடைசியில தனுஷ்கோடிப் பக்கம் எதிரியோட நீர்மூழ்கியை மடக்கி, அந்த அதிகாரியே கைதும் செய்றார். நாட்டுக்காக ஒரு அப்பாவியை மிரட்டலாமாங்கிறதுதான் படத்தோட கேள்வி. எங்கெங்க இடிக்குது?

வடகடல்:
மே மாசமே இடிக்குது தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஒண்ணு மட்டும் ஓடினா ஊரே திரும்பிப் பாக்கும், அப்புறம் என்ன ரகசியம்? ஜூலைக்குத் தள்ளுங்க, இல்லாட்டி தடையில்லாத நாட்டுப்படகா மாத்துங்க. நீர்மூழ்கியைத் தூக்கிருங்க. மணல் திட்டுகளை ஒட்டி சில இடத்துல இடுப்பளவுத் தண்ணிதான், அது எங்கே போய் முழுகும்?

கோப்புக்கட்டு:
விசைப்படகே இருக்கட்டும், காரணம் சொல்றேன். முதல்ல கைது. 1968-ல தொடங்கின 'ரா'வுக்குக் கைது அதிகாரம் கிடையாது. அதுக்குன்னு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டதும் இல்லை. கரையில வந்து பிடிக்கிறது தமிழ்நாடு போலீஸோட உளவுப் பிரிவான கியூ பிராஞ்சோ மரைன் போலீஸோதான்.

மிரட்டலுக்குத் துப்பாக்கி எதுக்கு? "நாளைக்கு உனக்கு டோக்கன் கிடைக்காது" போதும். மீன்துறை டோக்கன் இல்லாம விசைப்படகு கிளம்ப முடியாது, வட்டிக்காரன் காத்திருக்க மாட்டான். ஆனா பயந்தவன் அதிகாரி கேட்க ஆசைப்படறதைத்தான் சொல்வான். அந்தத் துப்பை இன்னொரு ஆளை வச்சுச் சரிபார்க்காம விட்டா, சம்பந்தமில்லாத ஒருத்தன் மாட்டுவான். படம் அங்கே நிக்கணும்.

உப்புக்காத்து:
பணம் கொடுத்தா மட்டும் யோக்கியமா? திடீர்னு புது இன்ஜின் வச்சா மறுநாளே டீக்கடையில பேச்சாகிடும். மாட்டினா அதிகாரிக்கு இடமாற்றம், டிரைவருக்கு அக்கரையில சிறை. அவன் எங்க ஆள்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

கச்சான்காத்து:
டோக்கன் வரியை எடுத்துக்கறேன். டிரைவரோட மனைவி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடறதா முடிக்கலாமா?

கோப்புக்கட்டு:
போடலாம். 2005 சட்டத்தோட 24-ஆம் பிரிவு 'ரா'வுக்கும் உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.க்கும் விலக்கு கொடுக்குது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் மட்டும் அதுல அடங்காது. அதனால மனித உரிமை மீறல்னு மனுவிலேயே எழுதணும், இல்லேன்னா அந்தப் பிரிவைக் காட்டித் திருப்பிடுவாங்க. எழுதினாலும் மத்தியத் தகவல் ஆணையம் ஒப்புதல் தந்தாத்தான் பதில், கெடு 45 நாள். கட்டணம் 10 ரூபாய். குளோசப்ல போஸ்டல் ஆர்டரைக் காட்டுங்க.