மறு: ஃபேசெட்டுக்குத் தமிழில் என்ன?

> "பட்டை" என்றே வைத்துவிடலாமே. வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம் அல்லவா?

ஐயா, வணக்கம்.

ஒரே தரவை வகைவாரியாகப் பிரித்துப் பக்கம்பக்கமாகச் சிறு படங்களாக வரைவதுதானே ஃபேசெட். சொல்லின் மூலத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் பொருத்தம். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் பட்டை விளக்கப்படம் (பார் சார்ட்) முன்பே உட்கார்ந்திருக்கிறது. "பட்டைப் படத்தைப் பட்டைகளாகப் பிரி" என்று எழுதினால் மாணவர்கள் நம்மைத்தான் வைவார்கள்.

> பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் சப்பிளாட் என்கிறது, ஆர் மொழியின் லாட்டிஸ் பேனல் என்கிறது. எல்லாவற்றுக்கும் "துணைப்படம்" போதும்.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மேட்பிளாட்லிப்பின் சப்பிளாட்டில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்: ஒன்றில் மழையளவு, பக்கத்தில் பேருந்துக் கட்டணம். நாமாகச் சொன்னாலொழிய அச்சுகளும் பொதுவாக இருக்காது. ஆர் மொழியில் படம் வரையும் ஜிஜிபிளாட்2-இன் ஃபேசெட் அப்படியல்ல. ஒரே தரவை ஒரு நெடுவரிசையின் மதிப்புகளை வைத்துப் பிரிக்கிறது. தளர்த்தச் சொல்லும்வரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். பைத்தானிலேயே சீபார்னின் ஃபேசெட்கிரிட் இந்தக் கட்சிதான். இரண்டையும் துணைப்படம் என்றால், ஒப்பிட்டு எழுதும் கையேட்டில் ஒப்பிடவேண்டிய இடமே மறைந்துபோகும்.

துணைப்படம் சப்பிளாட்டுக்கே இருக்கட்டும். ஃபேசெட்டுக்கு என் பரிந்துரை: பாத்தி.

ஒரே நிலம், ஒரே வாய்க்கால், நடுவில் வரப்பு. ஜிஜிபிளாட்2-உடன் வரும் எம்பிஜி என்ற கார் மைலேஜ் தரவில் 234 வரிகள். "வண்டி வகைவாரியாகப் பாத்தி கட்டு" என்றால் ஏழு பாத்தி விழும். வினையாகவும் இப்படி இயல்பாக வருவதுதான் எனக்குப் பிடித்தது. "சட்டகம்" என்று வைத்தால், "சட்டகப்படுத்து" என்று யாராவது சொல்வார்களா? லாட்டிஸுக்கு முன்னோடியான பெல் ஆய்வகத்தின் ட்ரெல்லிஸும் தோட்டத்துப் பெயர்தான், கொடி ஏறும் பந்தல்.

---

வணக்கம் அண்ணா.

இலங்கைப் பாடநூல்களில் பட்டை விளக்கப்படம் சலாகை வரைபு, ஆகவே பட்டை எமக்கு இடிக்காது. உங்கள் நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்) எமக்கு வலையுருவரையம். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். பாத்தி நல்ல சொல். வெங்காயப் பாத்தி பார்த்து வளர்ந்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

ஒரு கேள்வி. ஃபேசெட் கிரிட் இரண்டு மாறிகளை எடுத்து ஒன்றைக் குறுக்கேயும் மற்றதை நெடுக்கேயும் வைக்கும். ஃபேசெட் ராப் ஒன்றையே வரிசையாக அடுக்கி, இடம் முடிந்ததும் கீழே இறக்கும். இரண்டும் பாத்திதானா?

---

நல்ல கேள்வி தம்பி. கிரிட்டுக்கு "நிரைநிரல் பாத்தி" என்கலாமா? அணிக்கணக்கில் நிரை, நிரல் இரண்டு கரையிலும் ஒன்றே, சண்டைக்கு இடமில்லை. ராப்புக்குத் "தொடர்பாத்தி" என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள்.

அப்படியே உங்கள் வீட்டு வெங்காயப் பாத்தியை மேலிருந்து எடுத்த படம் ஒன்று கிடைக்குமா? அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் போட்டுவிடலாம்.