டேகர்ன்சே போக ஏறி ஷ்லீர்சேயில் இறங்கினேன், இனித் தனியாக ஊர் பார்க்கப் போகலாமா?

கோபி வாய்க்கால்:

வணக்கம். சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம், மியூனிக்கில் முதுகலை முதல் வருடம் படிக்கிறேன். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி ஒரு யோசனை கேட்க வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேகர்ன்சே ஏரியைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். நடைமேடைப் பலகையில் மூன்று ஊர்ப் பெயர் இருந்தது. மூன்றும் ஒரே வழியில் அடுத்தடுத்து வரும் என்று நினைத்துக் காலியாக இருந்த பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழியில் ஹோல்ட்ஸ்கிர்ஹென் நிலையத்தில் ஏதோ அறிவிப்பு வந்தது, அந்த வேகத்தில் எனக்கு ஜெர்மன் பிடிபடவில்லை. ரயிலை அங்கே இரண்டாகக் கழற்றி, நான் இருந்த பெட்டிகளை வேறு பாதையில் கொண்டுபோய்விட்டார்கள். ஏரி தெரிந்ததும் இறங்கினேன், பெயர்ப் பலகையைப் பார்த்தால் ஷ்லீர்சே! ஏரி அழகுதான், கரையெல்லாம் பனி, சுற்றிலும் மலை. பவானிசாகர் அணை மேல் விடியற்காலையில் நிற்கும்போது வருமே ஒரு அமைதி, அப்படி இருந்தது. ஆனால் ஞாயிறு என்பதால் கடைகள் அடைப்பு, காலையில் தின்ற ரொட்டியோடு சாயங்காலம் வரை இருந்தேன்.

அதோடு முடியவில்லை. படம் எடுத்தே போனில் சார்ஜ் தீர்ந்து, திரும்பும் ரயிலில் பரிசோதகர் வரும்போது போன் அணைந்துவிட்டது. மாத டிக்கெட் அதற்குள்தான் இருக்கிறது. எவ்வளவு சொல்லியும் 60 யூரோ அபராதம் என்று தாள் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். அப்பா மஞ்சள் விற்று அனுப்புகிற காசு அது, அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வீட்டில் மறைக்கவில்லை. அப்பா, "படிக்கப் போன இடத்துல படிச்சுப்போட்டு வா கண்ணு, சுத்தறதெல்லாம் வேண்டாம்" என்கிறார். மார்ச் கடைசியில் பத்து நாள் கிடைக்கிறது. ஃபூசன் அரண்மனை, பிராக், முடிந்தால் சுவிட்சர்லாந்து என்று 350 யூரோ சேர்த்து வைத்திருக்கிறேன். தனியாகப் போகலாமா? அந்த 60 யூரோவைக் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பெருந்துறைக்காரன்:

தங்கச்சி, முதலில் அந்தத் தாள் விஷயம். முழுசாகக் கட்டிவிடாதே. உன் பெயரில் உள்ள மாத டிக்கெட் அன்றைக்குச் செல்லுபடியாக இருந்தது என்று ஒரு வாரத்துக்குள் காட்டினால் 7 யூரோவோடு விட்டுவிடுவார்கள். தாளின் பின்பக்கத்தில் எங்கே காட்ட வேண்டும் என்று இருக்கும், அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போ. ஞாயிறு நடந்தது என்கிறாய், இன்னும் நாள் இருக்கிறது.

அந்தப் பாதை புதிதாக வருகிற எல்லோரையும் ஏமாற்றும். ஹோல்ட்ஸ்கிர்ஹெனில் பாயரிஷ்ஷெல் போகிற பகுதி பிரியும், ஷ்லீர்சே அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மிச்சம் ஷாஃப்ட்லாக் போய் அங்கே டேகர்ன்சே, லெங்க்ரீஸ் என்று இன்னொரு முறை பிரியும். அந்த நாட்டில் வட்டார ரயில்களில் இது சகஜம். நடைமேடைப் பலகையை மட்டும் நம்பாமல், ஏறப்போகிற பெட்டியின் கதவுப் பக்கத்தில் எந்த ஊர் ஓடுகிறது என்று பார்த்து ஏறு. உள்ளே போனதும் பக்கத்தில் இருப்பவரிடம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டாலும் போதும், தலையாட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறு விடியற்காலை 2 மணியை 3 ஆக்கிவிடுவார்கள். போன் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. கிளம்பும்போது அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரத்தை நம்பி நான் கொலோன் போகும் பஸ்ஸை விட்டேன், அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு காசு கொடுத்தேன். வீட்டுக்குப் பேசும்போதும் நினைவில் வை, நாலரை மணி நேர வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும்.

மேட்டுப்பாளையம் ரயிலடி:

சுவிட்சர்லாந்து என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஊட்டி ரயிலின் ஊதல் கேட்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்து நடுவில் பல் வைத்த கம்பி போகிறதே, அந்த முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். பழைய நீராவி எஞ்சின்களும் விண்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. அதனால் அங்கே படிக்கப் போன முதல் வருடமே, உலகத்திலேயே செங்குத்தாக ஏறும் பல்சக்கர ரயிலான பிலாட்டஸைப் பார்த்தே தீர்வது என்று மார்ச்சில் போனேன். அல்ப்னாக்ஷ்டாட் நிலையத்தில் ஆளே இல்லை. குளிர்காலம் முழுக்க அது ஓடாதாம், மே மாதம் வாக்கில்தான் தொடங்கும். ஒரு நாள் டிக்கெட் காசும் போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழாத குறை.

மறுநாள் விடுதியில் சொன்னார்கள், ரிகி மலை ரயில் வருடம் முழுக்க ஓடும் என்று. லூசர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து ரயில். 1871இல் திறந்தது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஊட்டியை விடத் தாழ்வுதான், ஆனால் முழங்கால் வரை பனி. பல் மாட்டி ஏறும்போது வருகிற அந்தக் கடகட சத்தத்தைக் கேட்டதும் குன்னூர் போகிற மாதிரியே இருந்தது. கட்டாயம் போ அம்மணி.

ஒன்றே ஒன்று, சுவிட்சர்லாந்து எல்லை தாண்டும் முன் போனில் டேட்டாவை அணைத்துவிடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உன் ஜெர்மன் சிம் உள்ளூர் போலவே ஓடும், சுவிட்சர்லாந்து அந்தக் கணக்கில் இல்லை. போடன் ஏரிக்கு இந்தப் பக்கம் ஜெர்மனியில் நின்றால்கூட அந்தப் பக்கத்து அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

பொள்ளாச்சி அக்கா:

மேலே சொன்னதெல்லாம் சரி. பிராக் போவதானால் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் இரண்டுமே கையில் வேண்டும், அட்டை மட்டும் போதாது. என்னோடு படித்த திருப்பூர்ப் பையன் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்தான். எல்லைச் சோதனையில் நள்ளிரவு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள், விடியும் வரை அவனுக்குத் துணையாக நானும் அந்தக் குளிரில் நின்றேன். அங்கே யூரோ இல்லை, கொருனா. தெருவோர மாற்றுக் கடையில் மாற்றாதே, அட்டையே எல்லா இடத்திலும் ஓடுகிறது.

ஃபூசனுக்கு உன் மாத டிக்கெட்டே போதும், வட்டார ரயிலில் இரண்டு மணி நேரம். ஐ.சி.இ. என்கிற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதே, அதற்கு அந்த டிக்கெட் செல்லாது. நொய்ஷ்வான்ஷ்டைன் அரண்மனைக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், டிக்கெட்டில் போட்ட நிமிடம் தவறினால் போச்சு. கீழிருந்து ஏற முக்கால் மணி நேரம் வைத்துக்கொள். பவேரியாவை ஆண்ட லுட்விக் அரசர் 1869இல் கட்டத் தொடங்கி, முடியாமலே 1886இல் இறந்துபோனார். பல அறைகள் இன்றும் வெறும் செங்கல் சுவர்தான் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

காங்கேயத்து அப்பா:

சாமி, உன் அப்பாவின் இடத்தில் இருந்து எழுதுகிறேன். என் மகளும் அங்கேதான் படித்தாள். போன் எடுக்காத ஒரு ராத்திரி முழுக்க நானும் அவள் அம்மாவும் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் ரயிலில் பையை மறந்து இறங்கியிருக்கிறாள், பாஸ்போர்ட் உள்பட. ஒன்பது நாள் கழித்து, தொலைந்த பொருள் வைக்கும் அலுவலகத்தில் அப்படியே கிடைத்தது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். ஏறும் முன் ரயில் எண்ணும் சேரும் ஊரும் எனக்கு வரும். பாஸ்போர்ட், விசா நகல் என்னிடம் ஒன்று, அவள் தோழியிடம் ஒன்று. நம் தூதரகக் கிளை மியூனிக்கிலேயே இருக்கிறது, அந்த எண்ணையும் அவசர உதவி எண் 112ஐயும் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள், போன் அணைந்தாலும் தாள் அணையாது. உன் அப்பாவிடம் "போகட்டுமா" என்று மட்டும் கேட்காதே கண்ணு, எந்த ரயில், எங்கே தங்கல் என்று எழுதிக் காட்டு. தெரியாததுதான் எங்களுக்குப் பயம்.

கோபி வாய்க்கால்:

எல்லோருக்கும் மனசார நன்றி. இன்று காலை போனேன், டிக்கெட்டைப் பார்த்துவிட்டு 7 யூரோ மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து முதல் வேலையாக ஒரு பவர் பேங்க் வாங்கினேன்.

பிராக்கை இந்த முறை விட்டுவிட்டேன், காசும் நாளும் பத்தாது. ஃபூசன் ஒரு நாள், பிறகு லூசர்னும் ரிகியும். காங்கேயத்து ஐயா சொன்னபடி எல்லா ரயிலையும் எழுதி வீட்டுக்கு அனுப்பினேன். அப்பா ஒரு மணி நேரம் பதிலே சொல்லவில்லை. அப்புறம் கூப்பிட்டு, "அந்த ரிகி ரயில்ல பல்லு எப்படி மாட்டுதுன்னு கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு கண்ணு" என்றார்.