20 இலக்க எண், காரணிகள் மட்டும் ஏன் இவ்வளவு சின்னது?

அரைத்தூக்கம்:
நிரல் எழுதும்போது கவனமில்லாமல் −1ஐக் குறியில்லாத (எதிர்ம எண் ஏற்காத) 64 பிட் மாறியில் போட்டுவிட்டேன், திரையில் 18446744073709551615 வந்து நின்றது. 2^64 − 1 தான், சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாகத் தானியம் கேட்ட கதையில் வரும் அதே எண். காரணி கண்டுபிடிக்கக் கொடுத்துவிட்டு, நேரமாகும் என்று டீ குடிக்க எழுந்தேன், எழுவதற்குள் விடை வந்துவிட்டது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. கடைசி இலக்கம் 5, இலக்கங்களின் கூட்டுத்தொகை 87, அதனால் 5உம் 3உம் சரி. மற்றதெல்லாம்?

வகுத்தல்வாசி:
எட்டாம் வகுப்பு வர்க்க வித்தியாசம்தான் சார். 2^64 − 1 = (2^32 + 1)(2^32 − 1). பின்னதை மறுபடி உடைத்தால் (2^16 + 1)(2^16 − 1), இப்படியே கீழே வரை போகலாம், ஏனென்றால் 64ஐ 1 வரும்வரை பாதியாக்கிக்கொண்டே போக முடியும். 65537, 257, 17, 5, 3 எல்லாம் அப்படி உதிர்ந்தவை. எண் பெரிதா சின்னதா என்பதில் ஒன்றுமில்லை. பக்கத்திலேயே இருக்கும் 2^61 − 1ஐ எடுங்கள், 19 இலக்கம், பகா எண், ஒரு கீறல் விழாது.

அரைத்தூக்கம்:
அட, இவ்வளவுதானா. ஆனால் 641உம் 6700417உம் இந்த வரிசையில் சேரவில்லையே?

மீதிமூன்று:
அங்கேதான் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கினார். இந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அதனால் அடுத்த 2^32 + 1 = 4294967297உம் அப்படித்தான் என்று 1640 வாக்கில் நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அது 641 × 6700417 என்று காட்டினார். குருட்டாம்போக்கில் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை, இதன் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அந்த மாதிரிப் பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடும்!

பெரிய வகுத்தல் போடாமலே சரிபார்க்கலாம். 641 = 5 × 2^7 + 1, அதுவே 5^4 + 2^4 (625 + 16). முதலாவதின்படி 5 × 2^7க்கு 641ஆல் மீதி −1 (அதாவது முழுசாக வகுபட ஒன்று குறைகிறது), நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5^4 × 2^28க்கு மீதி 1. இரண்டாவதின்படி 5^4 இருக்கும் இடத்தில் −2^4 போடலாம். ஆக −2^32க்கு மீதி 1, அப்படியென்றால் 2^32 + 1 மீதியில்லாமல் வகுபடும்.

வகுத்தல்வாசி:
இன்னொன்று. அந்த ஐந்து நல்ல பிள்ளைகளையும் (3, 5, 17, 257, 65537) பெருக்கினால் 4294967295, அதாவது 2^32 − 1. அத்தனை பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கையில் இதைவிடப் பெரியது இன்றுவரை தெரியவில்லை.

அரைத்தூக்கம்:
வரைய யாருக்குப் பொறுமை! 641 கணக்கைத் தாளில் போட்டேன், நாலே வரி, டீ ஆறிவிட்டது.