கும்பகோணத்தில் கடப்பா இப்போது எங்கே நன்றாக இருக்கிறது? எங்கேயும் இல்லை என்கிறேன்

அரசலாறு:
பதினேழு வருஷம் கழித்துப் போன மாதம் கும்பகோணம் போய் வந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் சனிக்கிழமையோடு முடிந்தது. ஞாயிறு சாயங்காலம் கடப்பா சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவது என்று டிக்கெட் போடும்போதே முடிவு செய்திருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: கடப்பா என்றால் ஆந்திராவில் இருக்கிற ஊரும் இல்லை, சமையல் மேடைக்குப் போடுகிற கருப்புக் கல்லும் இல்லை. பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், பச்சைமிளகாய், பூண்டு, சோம்பு அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கின பிறகு எலுமிச்சம்பழம் பிழிவார்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. தஞ்சாவூர் வட்டாரத்தைத் தாண்டிப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள்.

நான் போன கடையின் பெயர் வேண்டாம். பெரிய கடைத்தெருவை ஒட்டின சந்து. ஆண்கள் கலைக் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் ஞாயிறு தவறாமல் அங்கே இருப்பேன். இப்போது டைல்ஸ் போட்டு, ஏசி அறை தனியாகத் தடுத்திருக்கிறார்கள். வந்தது ஒரு கிண்ணம் மஞ்சள் கூழ். பருப்பு எது, கிழங்கு எது என்று தெரியவில்லை. தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலை. எலுமிச்சை வாசனையே இல்லை. அப்புறம் காபி, பேப்பர் கப்பில்! பாத்திரக்கடையில் பித்தளை டபரா செட்டை எடை போட்டு விற்கிற ஊரில் பேப்பர் கப். மதுராந்தகம் பக்கம் நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு மாட்டினவன் கூடப் பித்தளையில்தான் தருகிறான்.

ஊர் கெட்டுவிட்டது என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

கொள்ளிடம்:
வழிமொழிகிறேன். சீர்காழியில் எனக்கும் இதே கதைதான். அல்வா கேட்டால் ஜெல்லி மாதிரி ஆடுகிற ஒன்றைக் கொடுத்தார்கள். தஞ்சை மராட்டியர் கொண்டுவந்த கடப்பாவுக்கே இந்தக் கதி என்றால் மற்றதெல்லாம் எம்மாத்திரம்.

வெத்தலைக்கொடி:
கும்பகோணத்திலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இங்கேயே வேலை பார்க்கிறவள் எழுதுகிறேன். அரசலாறு சார், நீங்கள் சொல்லும் சந்தும் தெரியும், கடையும் தெரியும். நாங்கள் அங்கே போவதை நிறுத்திப் பத்து வருஷமாவது இருக்கும். ஊர்க்காரர்கள் விட்டுவிட்ட கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊரே கெட்டது என்று எழுதுகிறீர்களே, இது என்ன நியாயம்? ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். கல்யாண வீட்டில் அத்தனை பேர் இருந்திருப்பார்களே.

லாக்டோமீட்டர்:
//மராட்டியர் கொண்டுவந்த கடப்பா//
கொள்ளிடம், மராட்டியர் 1855 வரை தஞ்சாவூர் அரண்மனையில் இருந்தார்கள் என்பதற்காக எல்லாக் குழம்பையும் அவர்கள் கணக்கில் எழுதாதீர்கள். பெயரை வைத்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அரசலாறுக்கு ஒரு கேள்வி. கல்லூரி நாட்களில் அந்தக் கடைக்குப் போகும் முன் கடைசியாக எப்போது சாப்பிட்டிருப்பீர்கள்?

அரசலாறு:
ஹாஸ்டலில் ஞாயிறு மத்தியானம் ஒரு சாப்பாடு போடுவார்கள். அதைச் சாப்பாடு என்று சொல்லலாமென்றால், மத்தியானம். எங்கே வருகிறீர்கள் என்று தெரிகிறது. பசியில் எல்லாம் ருசிக்கும் என்பீர்கள். பசியில் சாப்பிட்டது எனக்கு நிறைய உண்டு. அதில் இது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டல் உப்புமா இல்லையே!

கல்லாப்பெட்டி:
நான் தொழில்காரன். அப்பா காலத்தில் இருந்து மெஸ், இப்போது திருச்சியில் சின்னதாக நடத்துகிறேன். இரண்டு பக்கமும் பாதிதான் சரி.

பொட்டுக்கடலை ஒன்றும் புதுசு இல்லை. அப்பாவும் ஒரு கை போடுவார், கசகசா ஒரு சிட்டிகை. இரண்டும் சேர்ந்தால்தான் நீர்த்துப்போகாமல் நிற்கும். கெடுப்பது அளவு. 2025ல் தேங்காய் விலை ஏறினதே, அப்போது நிறைய இடத்தில் ஒரு மூடித் தேங்காய் அரை மூடி ஆனது. குறைந்த இடத்தைப் பொட்டுக்கடலை நிரப்பியது. விலை இறங்கினாலும் கை பழைய அளவுக்குத் திரும்பாது. மாஸ்டர் மாறியிருப்பார், புதியவருக்குத் தெரிந்த அளவு இதுதான்.

அடுத்தது குக்கர். பாசிப்பருப்பைக் கண் பார்வையில் வேகவிட்டு, விரலால் நசுக்கினால் உடையும், தானாகக் கரையாது என்கிற இடத்தில் இறக்க வேண்டும். கிழங்கைக் கையால்தான் உதிர்க்க வேண்டும், மத்து பட்டால் பசையாகிவிடும். இரண்டையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் உங்களுக்கு வந்த கூழ் கிடைக்கும். மஞ்சள் தூளும் தேவையே இல்லை. பருப்பு தருகிற வெளிர் மஞ்சள் போதும்.

எலுமிச்சை விஷயத்தில் இரக்கப்பட வேண்டியது கடைக்காரருக்காகத்தான். அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பிழிய வேண்டும். அண்டாவைச் சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை சிம்மிலேயே வைத்திருந்தால் முதல் பந்திக்கு வாசனை இருக்கும், எட்டு மணிக்கு வருகிறவருக்குக் கசப்புதான் மிஞ்சும். தேங்காயும் பருப்பும் சேர்ந்தது, மறுவேளைக்கும் தாங்காது. மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்தார்கள். நீங்கள் எத்தனை மணிக்குப் போனீர்கள்?

அரசலாறு:
எட்டேகால்.

வெத்தலைக்கொடி:
எட்டேகாலுக்குக் கடப்பா!

அரசலாறு:
சரி, நேரம் என் தப்பு. பேப்பர் கப்புக்கு என்ன சொல்கிறீர்கள்? அது எந்த மணியில் பித்தளையாக இருக்கும்?

கல்லாப்பெட்டி:
அதற்குப் பதில் சுலபம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு இருநூறு டபராவும் இருநூறு டம்ளரும் தேய்க்க ஆளை நீங்கள் பிடித்துக் கொடுங்கள், நாளைக்கே பித்தளையில் ஊற்றுகிறேன். நெடுஞ்சாலைக் கடையில் பித்தளை வாடிக்கையாளர் கண்ணுக்காக. வண்டியை நிறுத்துவதற்கே அதுதான் விளம்பரம், அந்தச் செலவையும் காபி விலையில் வைத்துவிடுவார்கள்.

கொள்ளிடம்:
பாத்திரத்தை விடுங்கள். காபியே அந்தக் காபி இல்லையே. வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்த பால் எங்கே, பாக்கெட் பால் எங்கே. பாலில் சத்தே போய்விட்டது.

லாக்டோமீட்டர்:
என் பேட்டைக்கு வந்துவிட்டீர்கள். ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6. கறந்த பசும்பாலே பெரும்பாலும் நாலைச் சுற்றித்தான் இருக்கும். நீலப் பாக்கெட் 3 சதவீதம், அதில் காபி போட்டால் நீங்கள் சொல்வது சரி. மற்றபடி 'சத்து போச்சு' என்பது நம் பெரியப்பாக்கள் எல்லாப் பாலையும் பார்த்துச் சொன்னதுதான்.

மாறினது வேறு இரண்டு. ஒன்று, பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவிடுவது. டிகிரி காபி என்றால் அப்போதுதான் பொங்கின பாலும் முதல் டிகாக்‌ஷனும். இரண்டாவது, சிக்கரி. காபித் தூள் என்று கலந்து விற்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 51 சதவீதம், காபி இருந்தால் சட்டத்துக்குப் போதும். மிச்சம் 49ம் சிக்கரியாக இருக்கலாம். பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், படிப்பவர் யார்? சிக்கரி கூடினால் டிகாக்‌ஷன் கெட்டியாக, கருப்பாக நிற்கும். கடைக்காரருக்கு லாபம், நமக்கு நாக்கில் ஒரு கசப்பு.

கொள்ளிடம்:
'டிகிரி' என்பதே சிக்கரி மருவி வந்ததுதானே?

லாக்டோமீட்டர்:
அப்படி ஒரு கட்சி உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று லாக்டோமீட்டர் வைத்து டிகிரி பார்த்ததால் வந்தது என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று என் பெயரே சொல்லும். ஆனால் இதை ஆரம்பித்தால் கடப்பா ஆறிவிடும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும், அரசலாறு. தனியாகவா போனீர்கள்? கூட வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அரசலாறு:
மனைவி, மகள். மனைவிக்குக் கோயம்புத்தூர், கடப்பாவே முதல் தடவை. 'பரவாயில்லை, கிச்சடிக்குப் பொருந்தும்' என்றாள்.

மகளுக்குப் பதினொரு வயசு. அதை முதல் பதிவில் எழுதவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கி, இட்லி தீர்ந்த பிறகு கிண்ணத்தை விரலால் வழித்தாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டு 'இது கடப்பாவே இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 'அப்ப இது என்னதுப்பா, நல்லா இருக்கே' என்றாள்.

வெத்தலைக்கொடி:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு பேச்சே வந்திருக்காது சார்.

அரசலாறு:
ஆனால் அம்மா, அதனால் என் கட்சி தோற்றுவிட்டதாகவும் ஆகாது. அவள் நல்லதைச் சாப்பிட்டதில்லை. கூழை நன்றாக இருக்கிறது என்கிறாள் என்றால், நல்லது கிடைத்தால் என்ன சொல்லியிருப்பாள்? அதுதான் என் வருத்தம். அந்தக் கடையை நீங்கள் விட்டீர்கள், சரி. ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியிருந்தால் அவர்கள் தேங்காயைக் குறைத்திருப்பார்களா?

வெத்தலைக்கொடி:
ஓஹோ. நீங்கள் சென்னைக்குப் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கே உட்கார்ந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் காவல் காக்க வேண்டுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைத்தான் கேட்கிறேன். பதினேழு வருஷத்தில் நீங்கள் ஒரு கிண்ணம் வாங்கினீர்கள். அந்தக் கடைக்கு வாடகை கட்டினது நூடுல்ஸும் பரோட்டாவும்.

இன்னொன்று. கடப்பா எங்கேயும் போகவில்லை. ஹோட்டலிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு மாமி ஞாயிறு சாயங்காலம் மட்டும் இட்லியும் கடப்பாவும் போடுகிறார். போர்டு கிடையாது, பெஞ்சு கிடையாது, தூக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அம்மியில் அரைக்கிறார் என்றெல்லாம் கதை விடமாட்டேன், மிக்ஸிதான். ஆனால் எலுமிச்சையைத் தூக்கில் ஊற்றின பிறகு தனியாகப் பிழிந்து கொடுப்பார். 'வீட்டுக்குப் போய்ச் சூடு பண்ணாதே' என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார், என்னிடம் நாலு வருஷமாகச் சொல்கிறார். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இதெல்லாம் படாது, கூகுள் மேப்பிலும் வராது. அதனால் இல்லை என்று ஆகிவிடுமா?

கல்லாப்பெட்டி:
வீட்டு வாசலில் நடப்பதற்குக் காரணம் உண்டு. வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, அண்டா காலியானதும் கதவைச் சாத்தலாம். எனக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் நானே திருச்சியில் கடப்பா போடுவதில்லை. போட்டுப் பார்த்தேன், மூன்று ஞாயிறு கொட்டினேன்.

அரசலாறு சார் ஒன்றைத் தப்பாக நினைக்க வேண்டாம். வெளியூரிலிருந்து வருகிறவர் குறை சொல்வது எங்களுக்கு உதவும். தினம் வருகிறவர் சொல்லமாட்டார், வராமல் நின்றுவிடுவார். அந்தக் கடையில் நீங்கள் சொன்னீர்களா?

அரசலாறு:
சொல்லவில்லை. கல்லாவில் இருந்தவர் 'எப்படி இருந்தது' என்று கேட்டார், 'நன்றாக இருந்தது' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லாக்டோமீட்டர்:
அப்படியானால் உங்கள் மகள் சொன்னதுதான் கடையின் கணக்கில் ஏறியிருக்கிறது.

கொள்ளிடம்:
நான் கட்சி மாறவில்லை. சீர்காழி அல்வா ஆடியது ஆடியதுதான்.

அரசலாறு:
அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு மறுபடியும் வருகிறேன், இந்தத் தடவை மகள் கேட்டதால். வெத்தலைக்கொடி அம்மா, தெருப் பெயரை இங்கே போடாதீர்கள், தனிமடலில் அனுப்புங்கள். இங்கே போட்டால் அந்த மாமிக்கும் ஏசி அறை வந்துவிடும். ஆறு மணிக்கு வந்தால் சரியாக இருக்குமா?

வெத்தலைக்கொடி:
ஐந்தேகாலுக்கு வாருங்கள், ஆறுக்கு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். தூக்கு இரண்டாக எடுத்து வாருங்கள், உங்கள் மகள் வழிக்கிற வேகத்துக்கு ஒன்று போதாது.